பிசியில் சரி, போர்டில் தப்பு: பிரின்ட்எஃப் ஃபார்மேட் குறிகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் பட்டறையில் எலக்ட்ரானிக் தராசு செய்கிறோம். பெரும்பாலும் காசிமேட்டு மீன் ஏலத்துக்குப் போகிறவை. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் லோடு செல்லிலோ (எடையை உணரும் சென்சார்) சால்டரிங்கிலோ தடுமாறுவார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர்கள் தடுமாறுவது எடையைத் திரைக்கு அனுப்பும் ஒரே ஒரு பிரின்ட்எஃப் வரியில். பிரின்ட்எஃப் என்பது சி மொழியில் அச்சிடும் ஃபங்ஷன்; எந்த வகை மதிப்பை எப்படி அச்சிட வேண்டும் என்று அதற்குச் சொல்பவை % என்று தொடங்கும் ஃபார்மேட் குறிகள்.

இன்ட் என்ற முழு எண் வகை 16 பிட்டாக உள்ள, ஏவிஆர் சிப் வைத்த சின்னப் போர்டில் 70 கிலோ எடைக்கல் வைத்தால் 4464 கிராம் என்று காட்டும். லோடு செல்லைக் கழற்றி மாட்டி, ஒயரை மாற்றி, அரை நாள் போய்விடும். 70,000-லிருந்து 65,536-ஐக் கழித்துப் பார்த்தால் அந்த 4,464 எங்கிருந்து வந்தது என்று தெரியும். தராசு சரியாகத்தான் நிறுத்திருக்கிறது. எண்ணில் பாதியை மட்டும் எடுத்து அச்சிடச் சொன்னது நாம்தான்.

படிக்கும் முன் ஒன்று. போனில் சொல்லிக்கொடுப்பதுபோல எழுத்துகளின் ஒலியைத் தமிழில் எழுதியிருக்கிறேன். %யூ என்றால் சதவீதக் குறியும் சின்ன யூ எழுத்தும். டி என்றால் டாலரின் முதல் எழுத்து. டீ என்று நீட்டியிருந்தால் டேபிளின் முதல் எழுத்து. யூஇன்ட்32_டீ என்பதை இப்படித்தான் படிக்க வேண்டும். கீபோர்டில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தாக மாற்றிக்கொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கம்பைலர் இரண்டு வேண்டும்: உங்கள் பிசியின் ஜிசிசி ஒன்று, போர்டுக்கான ஜிசிசி ஒன்று. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் போர்டுக்கும் பொருந்துகிற கோட் எழுதுவது கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பதுபோல. ஒரே வகைப் பெயர் இரண்டிலும் வேறு வேறு அடிப்படை வகையாக இருக்கும். இரண்டிலும் கம்பைல் செய்தால்தான் அது வெளியே வரும்.

சி99 அல்லது அதற்குப் பிந்தைய தரத்தில் கம்பைல் செய்யுங்கள். கீழே வரும் மேக்ரோக்களும் %இசட்யூ போன்ற குறிகளும் 1999-இல் வந்த அந்தத் தரத்தில்தான் சேர்ந்தன. ஹெடர் இன்ட்டைப்ஸ்.எச் ஒன்று போதும். எஸ்டீடிஇன்ட்.எச்-ஐ அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

மூன்றாவது, ஒரு துண்டுக் காகிதம். அச்சிடப் போகும் ஒவ்வொரு மாறிக்கும் எதிரே அது தொடக்கூடிய அதிகபட்ச மதிப்பை எழுதுங்கள். எழுதச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் மொத்த எடையைக் கிராமில் யூஇன்ட்32_டீ-யில் (மைனஸ் இல்லாத 32 பிட் முழு எண் வகை) சேர்த்துக்கொண்டே போனால் 4,294,967,295-இல் நிரம்பிவிடும், அதாவது ஏறக்குறைய 4,295 டன். நாளைக்கு 15 டன் ஏறுகிற தராசு 287-ஆம் நாள் 0-வுக்குத் திரும்பும். இதைக் காகிதத்தில் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம். துறைமுகத்தில் விடிகாலை நாலு மணிக்குக் கண்டுபிடித்தால் தராசுக்காரர் வாயிலிருந்து வருவதைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

2. முதல் வரி எழுதும் முன் வார்னிங்கைத் திறங்கள்

-டபிள்யூஆல் போடுங்கள். ஃபார்மேட் சோதனை அதற்குள் அடக்கம். கூடவே -டபிள்யூஎரர்=ஃபார்மேட் என்றும் சேருங்கள்; அப்போது தப்பான குறி இருந்தால் கம்பைலே ஆகாது.

இதை ஏன் முதலிலேயே செய்ய வேண்டும்? கோட் வளர்ந்த பிறகு திறந்தால் இருநூறு வார்னிங் கொட்டும். இருநூறு கொட்டினால் ஒன்றையும் யாரும் பார்க்க மாட்டார்கள். காலி ஃபைலில் திறந்தால் வார்னிங் ஒவ்வொன்றாகத்தான் வரும்.

குறியுள்ள எண்ணையும் (மைனஸ் வரக்கூடியது, சைன்ட்) குறியில்லாத எண்ணையும் (மைனஸ் வராதது, அன்சைன்ட்) மாற்றிப் போட்டால் -டபிள்யூஆல் பேசாமல் இருக்கும். பிசியில் 3,000,000,000 என்ற 32 பிட் அன்சைன்ட் எண்ணை %டி-யில் அச்சிட்டால் -1294967296 வரும், வார்னிங் வராது. அதைப் பிடிக்க -டபிள்யூஃபார்மேட்-சைன்ட்னெஸ் என்று தனியாகச் சொல்ல வேண்டும். கொஞ்சம் தொணதொணக்கும். எடை, பணம் சம்பந்தப்பட்ட ஃபைல்களுக்கு மட்டும் நான் அதைத் திறந்து வைக்கிறேன்.

இன்னொன்று: கம்பைலர் சோதிக்க வேண்டுமானால் ஃபார்மேட் சரம் அந்த வரியிலேயே இரட்டை மேற்கோளுக்குள் இருக்க வேண்டும். படகின் பெயரை அப்படியே பிரின்ட்எஃப்(பெயர்) என்று கொடுக்காதீர்கள். பெயருக்குள் ஒரு % இருந்தால் போதும், அடுத்து எதை எடுத்து அச்சிடும் என்று சொல்ல முடியாது. பிரின்ட்எஃப்("%எஸ்", பெயர்) என்றே எழுதுங்கள்.

3. தப்பு எங்கே நடக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்

இந்தப் படியில் எழுத ஒன்றுமில்லை, புரிந்துகொள்வதற்குத்தான். இதைத் தாண்டிப் போனவர்கள்தான் பிறகு "அண்ணா, பிசியில் சரியாத்தான் வந்துச்சு" என்று வந்து நிற்கிறார்கள்.

பிரின்ட்எஃப்புக்கு நீங்கள் அனுப்பும் மதிப்புகள் என்ன வகை என்று தெரியாது. ஃபார்மேட் சரத்தைப் படித்து, அதில் சொன்ன அளவுக்கு எடுத்துக்கொள்கிறது. இந்த வரியைப் பாருங்கள். மொத்தம் என்பது 64 பிட், பில் என்பது 32 பிட்:

பிரின்ட்எஃப்("மொத்தம் %யூ, பில் %யூ", மொத்தம், பில்);

64 பிட் லினக்ஸ் பிசியில் ஒவ்வொரு மதிப்பும் தனித்தனி 64 பிட் ரெஜிஸ்டரில் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்னச் சேமிப்பிடம்) போகிறது. %யூ அதன் கீழ்ப்பாதியை மட்டும் எடுக்கும். மொத்தம் 4,294,967,295-ஐத் தாண்டாத வரை இரண்டு எண்ணும் சரியாகத் தெரியும். பையன் கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவான்.

அதே வரி 32 பிட் ஆர்ம் போர்டில் என்ன ஆகிறது? மதிப்புகள் ஆர்0 முதல் ஆர்3 வரையிலான நான்கு ரெஜிஸ்டர்களில் போக வேண்டும். ஆர்0-வில் ஃபார்மேட் சரம். 64 பிட் மதிப்பு இரட்டைப்படை எண்ணில் தொடங்கும் ஜோடியில்தான் உட்காரும் என்பது அங்கே விதி. அதனால் ஆர்1 காலியாக விடப்பட்டு, மொத்தம் ஆர்2, ஆர்3 இரண்டிலும் அமர்கிறது. பில்லுக்கு இடமில்லை; அது நினைவகத்தில் உள்ள ஸ்டாக்குக்குப் போகிறது.

பிரின்ட்எஃப்புக்கு இதெல்லாம் தெரியாது. முதல் %யூ-வுக்கு ஆர்1-ஐப் படிக்கிறது: முன்பு யாரோ விட்டுப்போன குப்பை. இரண்டாவது %யூ-வுக்கு ஆர்2: மொத்தத்தின் கீழ்ப்பாதி. ஆக, மொத்தம் இருக்க வேண்டிய இடத்தில் குப்பை, பில் எண் இருக்க வேண்டிய இடத்தில் மொத்தம். உண்மையான பில் எண் வெளியே வரவே இல்லை. ரசீதைப் பார்ப்பவர் பில் கவுன்டர் பழுது என்று நினைத்து அந்தக் கோட் வரிகளைத் துருவுவார். பிழை இருப்பது அதற்கு முந்தைய குறியில்.

குறியும் வகையும் பொருந்தாவிட்டால் என்ன நடக்கும் என்று சி மொழித் தரம் எந்த உறுதியும் தரவில்லை. அதனால் பிசியில் ஓடியதை ஒரு சான்றாகவே எடுக்காதீர்கள்.

4. வகையை முடிவு செய்யுங்கள், குறி அதன் பின்னால் வரும்

புதியவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் %டி அடித்துவிட்டு, வார்னிங் வந்தால் %எல்டி, அதுவும் கத்தினால் %எல்எல்டி. ஆர்ம் கம்பைலர் யூஇன்ட்32_டீ-ஐ அன்சைன்ட் லாங் ஆக வைத்திருக்கும், அதனால் %யூ-வுக்கு வார்னிங் தரும். %எல்யூ என்று மாற்றினால் போர்டு அமைதியாகும். பிசியில் அதே வகை அன்சைன்ட் இன்ட். இப்போது அங்கே வார்னிங். திரும்ப %யூ. கேரம் போர்டு காய் மாதிரி இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக ஒரு மாலை முழுக்கப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

எந்த வகை எங்கே எப்படி மாறுகிறது என்று தெரிந்துகொண்டால் இந்த ஆட்டம் நிற்கும். இன்ட் என்பது ஏவிஆரில் 16 பிட், ஆர்மிலும் பிசியிலும் 32. லாங் என்பது 64 பிட் லினக்ஸில் 64, 64 பிட் விண்டோஸில் 32. யூஇன்ட்64_டீ லினக்ஸ் பிசியில் அன்சைன்ட் லாங், விண்டோஸிலும் மேக்கிலும் அன்சைன்ட் லாங் லாங். ஈஎஸ்பி32 சிப்பில் இன்னும் வேடிக்கை: அதற்குக் கோட் எழுதும் தொகுப்பான ஈஎஸ்பி-ஐடிஎஃப் 5.0-இல் யூஇன்ட்32_டீ அன்சைன்ட் இன்ட்டிலிருந்து அன்சைன்ட் லாங்காக மாறியது. அதுவரை ஓடிய %யூ வரிகள் எல்லாம் ஒரே நாளில் வார்னிங் கொடுக்க ஆரம்பித்தன. கோட் வரி எதையும் யாரும் தொடவே இல்லை.

நான் வைத்திருக்கும் வழி இதுதான். அளவு முக்கியம் என்றால், அதாவது சென்சார் மதிப்பு, ரெஜிஸ்டர், ஃபைலில் எழுதுவது, ஒயரில் அனுப்புவது எதுவானாலும், அளவு பெயரிலேயே இருக்கும் வகை: இன்ட்32_டீ, யூஇன்ட்64_டீ. அவற்றுக்கு அடுத்த படியில் வரும் மேக்ரோ. சும்மா சுற்று எண்ணும் மாறிக்கு இன்ட், அதற்கு %டி. இரண்டையும் கலக்காதீர்கள்.

5. பிஆர்ஐ மேக்ரோவை எழுதும் முறை

இன்ட்டைப்ஸ்.எச்-இல் ஒவ்வொரு வகைக்கும் ஒரு மேக்ரோ இருக்கிறது. எல்லாம் பெரிய எழுத்தில் பிஆர்ஐ என்று தொடங்கும். பிறகு டி, யூ, எக்ஸ் போன்ற குறி எழுத்து. கடைசியில் பிட் அளவு. பிஆர்ஐடி32, பிஆர்ஐயூ64, பிஆர்ஐஎக்ஸ்16 என்று போகும்.

மேக்ரோ என்பது ஒரு சின்னச் சரம், அவ்வளவுதான். பிசியில் பிஆர்ஐயூ32 விரிந்தால் "யூ". ஆர்ம் கம்பைலரில் "எல்யூ". சி மொழியில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு சரங்கள் தானாக ஒட்டிக்கொள்ளும். அதனால் சரத்தை முடித்து, மேக்ரோவை வைத்து, மறுபடி சரத்தைத் திறக்கிறோம்:

பிரின்ட்எஃப்("எடை %" பிஆர்ஐடி32 " கிராம்", எடை);

இதில் நான்கு தப்புகள் திரும்பத் திரும்ப வரும்.

மேக்ரோவை மேற்கோளுக்குள் வைப்பது முதலாவது. மேற்கோளுக்குள் போனால் அது மேக்ரோ இல்லை, வெறும் எழுத்து. % குறிக்குப் பிறகு பெரிய பி வந்து நிற்கும். அப்படி ஒரு குறி கிடையாது.

% போட மறப்பது இரண்டாவது. மேக்ரோவுக்குள் % இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை. அது வேண்டுமென்றே அப்படி: % குறிக்கும் வகை எழுத்துக்கும் நடுவில் அகலம், முன்பூஜ்யம் எல்லாம் நாம் போட இடம் வேண்டுமே. எட்டு இலக்க ஹெக்ஸ் (16-ஐ அடிமானமாகக் கொண்ட எண்) வேண்டுமானால் "%08" எழுதி மேற்கோளை மூடி, பிறகு பிஆர்ஐஎக்ஸ்32. பெரிய எழுத்து ஹெக்ஸ் வேண்டுமென்றால் எக்ஸும் பெரிய எக்ஸ்.

மூன்றாவது, சி++ ஃபைலில் இடைவெளி விடாமல் ஒட்டி எழுதுவது. சி++11 முதல் மேற்கோளை ஒட்டிவரும் பெயரைக் கம்பைலர் வேறு பொருளில் எடுத்துக்கொள்ளும். சி-யில் ஓடுகிறதே என்று விடாதீர்கள், எப்போதும் ஒரு இடைவெளி.

நான்காவது வகையை மாற்றிவிட்டு மேக்ரோவை மாற்ற மறப்பது. அதற்குத்தான் 2-ஆம் படியில் கம்பைலை நிறுத்தச் சொன்னேன்.

மேக்ரோ எழுதினால் வரி பார்க்க அசிங்கமாகிறது என்று குறை சொல்வார்கள். உண்மைதான். மாற்று வழி ஒன்று உண்டு: 32 பிட்டுக்குள் அடங்கும் எந்த அன்சைன்ட் எண்ணையும் அன்சைன்ட் லாங்காகக் காஸ்ட் செய்து (வகை மாற்றி) %எல்யூ போடுவது. லாங் எந்தக் கம்பைலரிலும் 32 பிட்டுக்குக் குறையாது என்பதால் இது எங்கும் ஓடும். ஒரு நாள் சோதனைக்கு எழுதும் வரிகளில் நானும் அப்படித்தான் செய்கிறேன். பட்டறையை விட்டுப் போகிற கோடில் செய்வதில்லை. நாளைக்கு யாராவது அந்த மாறியை 64 பிட்டாக மாற்றினால், காஸ்ட் மேல்பாதியைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். மேக்ரோவாக இருந்தால் கம்பைலர் கத்தும்.

6. அளவு, பாயின்டர், நேரம்

சைஸ்_டீ-க்கு %இசட்யூ. இரண்டு பாயின்டரின் (நினைவக முகவரி) வித்தியாசத்துக்கு %டீடி. பாயின்டருக்கு %பி, ஆனால் வாய்டு பாயின்டராகக் காஸ்ட் செய்த பிறகு. பாயின்டரை முழு எண்ணாக வைத்துக் கணக்குப் போட்டால் யூஇன்ட்பிடீஆர்_டீ வகை, அதற்கு பிஆர்ஐஎக்ஸ்பிடீஆர்.

விண்டோஸில் பழைய சி நூலகத்தோடு இணைக்கும் மிங்டபிள்யூவில் (விண்டோஸுக்கான ஜிசிசி) %இசட்யூ வேலை செய்யாமல் போகலாம். 2015-இல் வந்த புதிய ரன்டைமிலிருந்து அந்தத் தொல்லை இல்லை.

டைம்_டீ-க்குச் சொந்தக் குறி கிடையாது. சில இடங்களில் 32 பிட், சில இடங்களில் 64. இன்ட்மேக்ஸ்_டீ-ஆகக் காஸ்ட் செய்து %ஜேடி, அல்லது லாங் லாங்காகக் காஸ்ட் செய்து %எல்எல்டி. ஈனம் (பெயரிட்ட மதிப்புகளின் பட்டியல்) வகையையும் இன்ட்டாகக் காஸ்ட் செய்துவிடுங்கள். அதன் அடிப்படை வகை கம்பைலர் விருப்பம்.

7. எட்டு பிட்டும் ஹெக்ஸும்

பிரின்ட்எஃப்புக்குப் போகும் வழியில் சின்ன வகைகள் எல்லாம் இன்ட்டாகப் பெரிதாகும். இன்ட்8_டீ-யில் -1 வைத்து %எக்ஸ்-இல் அச்சிட்டால் இரண்டு எஃப் எதிர்பார்ப்பீர்கள். ஆர்மில் எட்டு எஃப் வரும், ஏவிஆரில் நான்கு. மைனஸ் அடையாளம் மேல் பிட்டுகள் முழுக்கப் பரவியதுதான் காரணம். யூஇன்ட்8_டீ-ஆகக் காஸ்ட் செய்து அனுப்பினால் இரண்டே எஃப். சென்சாரிலிருந்து வரும் பைட்டுகளை முதலிலிருந்தே யூஇன்ட்8_டீ-யில் வைத்திருந்தால் இந்தப் பிரச்சினையே எழாது.

8. கிராமைக் கிலோவாகக் காட்டுவது

சின்னப் போர்டில் தசம எண் அச்சிடுவதைத் தவிர்ப்போம், அது நினைவகத்தைத் தின்னும். பல போர்டு நூலகங்களில் தனியாகச் சேர்த்தால் ஒழிய வராது. அதனால் கிராமை 1000-ஆல் வகுத்து, ஈவு, புள்ளி, மீதி என்று அச்சிடுவது வழக்கம் (இங்கே கி என்பது கிராமில் உள்ள எடை):

பிரின்ட்எஃப்("%" பிஆர்ஐடி32 ".%03" பிஆர்ஐடி32, கி / 1000, கி % 1000);

12,050 கிராமுக்கு 12.050 வரும். %03-இல் அந்த 03-ஐ விட்டால் 12.50 ஆகிவிடும், 450 கிராம் மீன் இலவசமாகக் கூடுகிறது. இதை எல்லோரும் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கண்டுபிடிக்காமல் போவது வேறொன்று. கூடையை வைத்து டேர் அடித்து (கூடையின் எடையைக் கழித்து 0 ஆக்கி), கூடையை எடுத்துவிட்டால் எடை மைனஸில் போகும். -250 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1000-ஆல் வகுத்தால் ஈவு 0, மீதி -250. திரையில் தெரிவது 0.-250. எங்கள் தராசு ஒன்று இப்படியே ஏலக்கடைக்குப் போய், "தம்பி, பாயின்ட்டுக்கு அப்புறம் மைனஸ் காட்டுது, இது எந்த ஊர்க் கணக்கு?" என்று ஓர் அக்கா போன் செய்து கேட்டார்.

சரி செய்ய, மைனஸை முதலில் பிரித்தெடுங்கள். குறி என்ற மாறியில், எண் 0-வுக்குக் கீழே என்றால் "-" என்ற சரம், இல்லையென்றால் வெற்றுச் சரம். பிறகு எண்ணின் அளவை (மைனஸ் நீக்கிய மதிப்பை) யூஇன்ட்32_டீ-யில் வைத்து வகுங்கள்:

பிரின்ட்எஃப்("%எஸ்%" பிஆர்ஐயூ32 ".%03" பிஆர்ஐயூ32, குறி, அளவு / 1000, அளவு % 1000);

அளவைக் கண்டுபிடிக்க ஏப்ஸ் ஃபங்ஷன் வேண்டாம். ஏவிஆரில் அது 16 பிட் இன்ட்டுக்கானது, 70 கிலோவில் மறுபடி மாட்டிக்கொள்வீர்கள். யூஇன்ட்32_டீ-ஆகக் காஸ்ட் செய்யுங்கள்; எண் மைனஸாக இருந்தால் மட்டும் அதை 0-விலிருந்து கழியுங்கள். -2,147,483,648 வந்தாலும் சரியாக இருக்கும்.

9. போர்டின் பிரின்ட்எஃப்புக்கு 64 பிட் தெரியுமா?

மேக்ரோ சரி, வகை சரி, வார்னிங் இல்லை. இருந்தும் திரையில் மொத்தம் என்ற இடத்தில் எண்ணுக்குப் பதிலாக "எல்யூ" என்ற இரண்டு எழுத்து நிற்கிறது. புதியவர் தலையைப் பிடித்துக்கொள்வது இங்கேதான்.

கம்பைலர் சோதிப்பது தரத்தின்படி. ஆனால் போர்டில் ஓடுவது இடம் மிச்சப்படுத்த வெட்டிச் சுருக்கிய நூலகம். ஆர்ம் போர்டுகளில் வரும் சுருக்கிய நூலகமான நியூலிப் நானோ வழக்கமான கட்டமைப்பில் லாங் லாங்கை அச்சிடாது. ஏவிஆர் நூலகம் எல்எல் என்ற குறியைப் பார்த்ததும் அச்சிடுவதையே அந்த இடத்தில் நிறுத்திவிடும். கம்பைலருக்கு இது தெரியாது என்பதால் வார்னிங்கும் வராது.

போர்டு கைக்கு வந்த முதல் நாளே 18446744073709551615-ஐ ஒரு முறை அச்சிட்டுப் பாருங்கள். வந்தால் சரி. வராவிட்டால் இரண்டு வழி. முழு நூலகத்தை இணைக்கலாம், நினைவகம் போகும். இல்லையென்றால் எண்ணை உடைத்து அச்சிடலாம்: 1,000,000,000-ஆல் வகுத்து ஈவும் மீதியும்.

உடைக்கும்போது ஈவு 0 என்றால் மீதியை மட்டும் சாதாரணமாக அச்சிடுங்கள். ஈவு இருந்தால் அதை அச்சிட்டு, மீதியை %09 என்று முன்பூஜ்யத்தோடு அச்சிடுங்கள். 5,000,000,042-ஐ உடைத்தால் ஈவு 5, மீதி 42. முன்பூஜ்யம் இல்லாவிட்டால் 542 என்று வரும். ஈவும் 32 பிட்டுக்குள் அடங்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். கிராம் கணக்குக்குத் தாராளமாகப் போதும். முழு 64 பிட் எல்லையும் வேண்டுமானால் மூன்று துண்டாக உடைக்க வேண்டும்.

எஸ்என்பிரின்ட்எஃப்பில் (திரைக்குப் பதில் பஃபருக்குள் எழுதும் பிரின்ட்எஃப்) எழுதினால் பஃபர் அளவையும் கணக்குப் பார்த்து வையுங்கள். 64 பிட் எண்ணுக்கு அதிகபட்சம் 20 எழுத்து, முடிவுப் பூஜ்யம் சேர்த்து 21. குறியுள்ள 32 பிட்டுக்கு மைனஸோடு 11, ஆக 12.

10. உங்கள் சொந்த லாக் ஃபங்ஷனுக்கும் காவல் போடுங்கள்

எல்லாப் பட்டறையிலும் பிரின்ட்எஃப்பைச் சுற்றி ஒரு லாக் ஃபங்ஷன் இருக்கும். அதை அழைக்கும் வரிகளில் கம்பைலர் எதையும் சோதிக்காது, அது ஃபார்மேட் சரம் வாங்குகிறது என்று யாரும் சொல்லவில்லையே. ஜிசிசியில் அறிவிப்பு வரியில் ஃபார்மேட் ஆட்ரிபியூட் சேர்க்க வேண்டும்: இரண்டு அடிக்கோடு முன்னும் பின்னும் வைத்த ஆட்ரிபியூட், அதன் இரட்டை அடைப்புக்குள் ஃபார்மேட்(பிரின்ட்எஃப், 1, 2). முதல் எண் ஃபார்மேட் சரம் எத்தனையாவது என்பது. இரண்டாவது, மதிப்புகள் எங்கே தொடங்குகின்றன என்பது. முதலில் லாக் லெவல் வாங்கும் ஃபங்ஷன் என்றால் 2, 3.

பழைய கோடில் இந்த ஒரு வரியைச் சேர்த்துக் கம்பைல் செய்து பாருங்கள். எத்தனை வருடத் தப்பு உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது என்று தெரியும். மாலை வேலை முடியும் நேரத்தில் செய்யாதீர்கள்.

11. ஸ்கேன்எஃப்புக்கு வேறு மேக்ரோ

பிஆர்ஐ மேக்ரோவை ஸ்கேன்எஃப்பில் (மதிப்பை உள்ளே வாங்கும் ஃபங்ஷன்) போடாதீர்கள். அதற்கு எஸ்சிஎன் என்று தொடங்கும் தனி வரிசை உண்டு. அச்சிடும்போது சின்ன வகைகள் இன்ட்டாகப் பெரிதாவதால் யூஇன்ட்8_டீ-க்கு வெறும் %யூ கொடுத்தாலும் தப்பித்துவிடலாம். வாங்கும்போது முகவரி போகிறது. %யூ என்று சொன்னால் ஆர்மில் ஒரு பைட் மாறியின் முகவரியில் நான்கு பைட் எழுதும். பக்கத்தில் இருந்த அளவுத் திருத்த எண் அழியும், தராசு மறுநாள் தப்பாக நிறுக்கும். யூஇன்ட்8_டீ-க்கு எஸ்சிஎன்யூ8.

12. லினக்ஸ் கர்னல் பக்கம் போனால்

அங்கே பிஆர்ஐ மேக்ரோ வழக்கமில்லை. யூ32-க்கு %யூ, யூ64-க்கு எல்லாக் கணினியிலும் %எல்எல்யூ; கர்னலுக்குள் யூ64 எப்போதும் அன்சைன்ட் லாங் லாங் என்று வைத்திருக்கிறார்கள். பௌதிக முகவரிக்கு %பிஏ, மதிப்பை அல்ல, மாறியின் முகவரியை அனுப்ப வேண்டும். 4.15 பதிப்பிலிருந்து வெறும் %பி உண்மையான முகவரியைக் காட்டாது, குழப்பிய எண் ஒன்றைக் காட்டும். அதைப் பிழை என்று நினைத்துத் தேடாதீர்கள்.

சி23 தரத்தில் %டபிள்யூ32டி என்று அளவைக் குறிக்குள்ளேயே எழுதும் வசதி வந்திருக்கிறது. படிக்க அழகாக இருக்கிறது. போர்டு நூலகங்களை நம்ப முடியாததால் நான் இன்னும் அதைத் தொடவில்லை.

13. கடைசிச் சோதனை: எண்ணுக்கு இருபுறமும் காவலாள்

சோதனைக்கு 12 கிலோ, 15 கிலோ என்று நல்ல பிள்ளை எண்களைக் கொடுப்பதில் பயனில்லை. 0, -1, 65,536, 2,147,483,647, -2,147,483,648, 4,294,967,295 ஆகியவற்றைக் கொடுங்கள். 64 பிட் மாறிக்கு 4,294,967,296-உம்.

ஒவ்வொன்றையும் தெரிந்த இரண்டு எண்களுக்கு நடுவில் வைத்து அச்சிடுங்கள்: முன்னால் 1234, பின்னால் 5678, இரண்டும் %டி. நடுவில் உள்ள குறி தப்பான அளவை எடுத்தால் 5678 இடம் மாறும் அல்லது காணாமல் போகும். நடு எண் தற்செயலாகச் சரியாகத் தெரிந்தாலும் காவலாள் காட்டிக்கொடுத்துவிடுவான்.

64 பிட் பிசியில் இந்தச் சோதனை ஏமாற்றும், 3-ஆம் படியில் சொன்ன காரணத்தால். போர்டு கையில் இல்லையென்றால் பிசியிலேயே -எம்32 போட்டுக் கம்பைல் செய்யுங்கள். அதற்கான 32 பிட் நூலகத்தை முதலில் நிறுவிக்கொள்ள வேண்டும். அப்போது மதிப்புகள் எல்லாம் ஸ்டாக்கில் வரிசையாகப் போகும். 64 பிட் எண்ணுக்கு %யூ போட்டிருந்தால் அதன் மேல்பாதி 5678 இருக்க வேண்டிய இடத்தில் வந்து நிற்கும். பெரும்பாலும் அது 0. அங்கே 0-வைப் பார்த்தால் 5678-ஐ விட்டுவிட்டு அதற்கு இடப்பக்கத்துக் குறியைத் திருத்துங்கள்.